பறக்க ஆறு மணி நேரம்

டிராவல் ஏஜென்சி கவுன்டர்ல உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும், உலகத்துல இருக்கறது ஒரே கேள்விதான்: "எத்தனை மணி நேரம்?" மேற்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிர்மாடியில, அதுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டு போச்சு. உங்க வேலையிலயும் இப்படி ஒரு கேள்வி உயிரை வாங்கும், எனக்குத் தெரியும்.

சாதிக் பாய்

அன்னிக்கு வியாழக்கிழமை. ஷட்டரை முழுசா தூக்கக்கூட இல்ல, கீழ்க்கடை ஹார்டுவேர் சாதிக் பாய் படியேறி வந்துட்டார். விடியக்காலம் அவர் அத்தா, அதாவது அப்பா, தவறிட்டாராம். தம்பி ரியாஸுக்கு ஜித்தாவுல வேலை. அவங்க வழக்கப்படி அன்னிக்கே அடக்கம் பண்ணணும். இவர் ஜமாத்துல கெஞ்சி, மறுநாள் மதியம் வரைக்கும் நேரம் வாங்கியிருக்கார். "பறக்கறது ஆறு மணி நேரம்தான் பாய், வந்துடுவார்"னு சொல்லி, நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவே இல்ல.

"மூணு பிடி மண்ணு அவன் கையால போடணும் மேடம், அவ்ளோதான்."

பேங்க் சார்

கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது. அந்த நேரம் பார்த்து, சேலையூர் ரிட்டயர்டு பேங்க் சார் கால்குலேட்டரும் கையுமா வந்தார். மகளைப் பார்க்க நியூ ஜெர்சி போறார். பதிமூணாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், மணிக்குத் தொள்ளாயிரம்னா பதினஞ்சு மணி நேரத்துல முடியணுமாம், டிக்கெட்டுல எப்படி இருபத்திரண்டு வரும்னு சண்டை. நடுவுல ஃபிளைட் மாறணும், காத்திருக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?

ஜன்னல்கிட்ட நின்னு பாய் தம்பிக்கு போன் போட்டுக்கிட்டே இருக்கார், லைன் கிடைக்கல. சார் விடுவாரா?

"அப்போ மீதி ஏழு மணி நேரத்தை யாரும்மா தின்னது?"

ரியாஸ்

ஒருவழியா துபாய் வழியா ஒரு சீட் கிடைச்சுது. ராத்திரி ஏறினா, வெள்ளிக்கிழமை காலையில மீனம்பாக்கம். உடனே டிக்கெட்டைப் போட்டேன். "கிடைச்சிடுச்சு பாய்!"னு கத்திட்டேன். பேங்க் சார்கூட கால்குலேட்டரை வச்சுட்டு எழுந்து நின்னுட்டார். அப்பதான் தம்பி லைன்ல வந்தார். பாய் ஸ்பீக்கரைப் போட்டார்.

பாஸ்போர்ட் முதலாளி பீரோவுல இருக்காம். அதை வாங்கி, ஊருக்குப் போக அனுமதி முத்திரை குத்தணுமாம். அப்பல்லாம் அங்க வியாழன், வெள்ளி கவர்மென்ட் ஆபீஸ் லீவு, சனிக்கிழமைதான் திறப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விமானம் இருக்கு, சீட் இருக்கு, ஆள் வர முடியாது! கடைசியில தம்பியே முடிவு சொன்னார்.

"அண்ணே, அத்தாவைக் காக்க வைக்காதீங்க, இன்னைக்கே அடக்கம் பண்ணிடுங்க. என் பங்கு மண்ணையும் நீங்களே போட்டுடுங்க. டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ண வேணாம், நாள் மாத்தித் தரச் சொல்லுங்க. அம்மா இருக்காங்கல்ல, அவங்களையாவது வந்து பார்க்கறேன்."

அதுக்கப்புறம் யார் வந்து எத்தனை மணி நேரம்னு கேட்டாலும், "பறக்கவா, போய்ச் சேரவா?"ன்னு கேட்டுட்டுதான் நான் கம்ப்யூட்டர் பக்கமே திரும்புறது.