நீட்டிய முன்னங்கால்

சவரம் செய்யும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலிக்காததால் இரண்டு மாதம் சும்மா விட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி இருந்தால், தயவுசெய்து என்னைப் போல அசடாக இருக்காதீர்கள்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பயாப்ஸி (கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். லிம்போமா (நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய்) என்று முடிவு வந்தது. பெங்களூரில் ஆறு சுற்றுக் கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) என்றார்கள். என் மனைவி செல்வி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. மருந்து ஏறிய உடம்பு எப்படிக் கிடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருடம் நாய் பிடிக்கிற வேலை பார்த்தவன் நான். பீகிள் என்கிற நீளக் காது நாய்கள். சாது, கடிக்காது, அதற்காகவே அந்தச் சாதியை வைத்திருந்தார்கள். ஊசி போடுவது டெக்னீஷியன். நாயை அணைத்து உட்காரவைத்து, தாடையைத் தூக்கி, முன்னங்காலில் கட்டைவிரலை அழுத்தி நரம்பைப் புடைக்கவைப்பது என் வேலை.

மற்றவர்கள் பிடித்தால் துள்ளும். நான் "கண்ணு, வாடா கண்ணு" என்று மெதுவாகக் கூப்பிட்டுக் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுப்பேன். நாளடைவில் என் குரல் கேட்டாலே தானாக வந்து உட்கார்ந்து காலை நீட்டும். கம்பெனியில் எனக்கு நல்ல பேர். நானும் அதைப் பாசம் என்றே நம்பினேன். ஊசி நேரம் தவிர வேறு எப்போதும் நான் அவற்றைக் கொஞ்சியதில்லை.

மூன்றாவது சுற்றுக்குள் ஸ்பிரிட் வாசனைக்கே குமட்டியது. நர்ஸ் வந்து கனிவாக "அண்ணா" என்றாலே உடம்பு விறைக்கும். ஆனாலும் கை தானாக நீளும். நான் செய்துவந்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் கேட்டேன். "இந்த மருந்தையும் முதல்ல நாய்க்குத்தான் குடுத்திருப்பாங்களா சார்?"

"எல்லா மருந்தும் அப்படித்தானே வருது. வாந்தி நின்னுச்சா, அதச் சொல்லுங்க."

நிற்கவில்லை என்றேன். மருந்து வேலை செய்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, யோக்கியதையும் இல்லை.

வேலைக்குத் திரும்பவில்லை. தேறி வந்த பிறகு, எங்கள் கூடத்து நாய்கள் சிலவற்றை ஜவளகிரிப் பக்கம் ஒரு காப்பகத்துக்கு விட்டுவிட்டதாகக் கூட வேலை செய்தவன் சொன்னான். ஒன்றையாவது வீட்டுக்குக் கூட்டி வந்து சாகும்வரை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கிளம்பினேன்.

"நாய்க்காகப் போறீங்களா, உங்க மனசு ஆறணும்னு போறீங்களா?" என்றாள் செல்வி. எனக்குக் கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மாமரத்தடியில் ஏழெட்டு நாய்கள். பார்த்துக்கொள்கிற மாதம்மா உள்ளூர்க்காரர். இடது கண்ணைச் சுற்றி வெள்ளையாக இருந்த ஒன்றை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அதற்குக் கெம்பி என்று பெயர் வைத்திருந்தார், கன்னடத்தில் சிவப்பி.

"வந்தப்ப மண்ணுல காலே வெக்கலீங்க. சிமிட்டித் தரையத் தேடும். இப்பப் பாருங்க" என்றார். கெம்பி ஒரு தேங்காய் மட்டையைக் கடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, "கண்ணு, வாடா கண்ணு" என்றேன்.

மட்டையை விட்டுவிட்டது. மெதுவாக வந்து என் முன்னால் உட்கார்ந்தது. தாடையைத் தூக்கி, வலது முன்னங்காலை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அதன் கீழே மண் நனைந்தது.

மாதம்மா நனைந்த மண்ணைப் பார்த்தார். பிறகு, "அங்க வேலைக்கு இருந்தீங்களா?" என்றார்.

"ஆமாம்மா. நான்தான் புடிப்பேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உங்க கொரல் இருக்கற வீடாச்சேங்க" என்றார். "ஒரு வருசமா இது யாருக்கும் கால நீட்டல. கோவத்துல சொல்லல, இனிமே வராதீங்க."

கெம்பி காலை இன்னும் இறக்கவில்லை. தொட்டு இறக்கிவிடவும் எனக்குக் கை வரவில்லை. எழுந்து கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன். மாதம்மா தூக்கிக்கொண்டு போனாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது முடி வளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் அடுத்த ஊசி வரைக்கும்தான் நாள் கணக்கு. இப்போது டாக்டர் வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்கிறார். அத்தனை நாளும் என் கையில் இருக்கிறது. உடம்பும் சொன்னபடி கேட்கிறது. கெம்பிக்கு வயதாகியிருக்கும். கடைசியாக ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாமே, பேசாமல் நிற்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தோன்றுகிறது. அது எனக்காகத் தோன்றுவது. செருப்பைப் போட்டவன் கழற்றிவிடுகிறேன்.