முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை

1961-ஆம் வருஷக் கோடை விடுமுறையில், கொடைக்கானல் ஏரியில் நடந்தது இது. நாலு வருஷம் ஆகிவிட்டது. அன்று நான் செய்தது சரியா தப்பா என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்களுக்குத் திண்டுக்கல். பேகம்பூர்ப் பக்கம் வாடகை வீடு. எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பதுதான். அதனால், "லீவுக்குக் கொடைக்கானல் போவோம், ஏரியில படகு போகலாம்" என்று என் கணவர் சொன்ன நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகனுக்கு அப்போது ஐந்து வயது. ஓரிடத்தில் உட்காரமாட்டான். மகள் கைக்குழந்தை. எனக்கோ நீச்சல் தெரியாது. பள்ளி இறுதி வரை படித்தவள்தான், ஆனால் படகு சாய்ந்தால் பிள்ளைகளை என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. அவர் ஆசையாக லீவு வாங்கியிருந்தார்.

வடமதுரைக்குப் பக்கத்தில் என் மாமனாருக்குத் தோட்டம் உண்டு. அங்கே கிணற்றில் என் கொழுந்தன் அந்த வருஷம்தான் என் மகனுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். நன்றாகக் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் முதுகில் கட்டிவிட்டால் பிள்ளை முங்காமல் மிதக்கும். "இது இருக்குற வரைக்கும் ஒண்ணும் பயமில்ல மதினி" என்பார். அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. குடுக்கைகளைத் தோட்டத்திலிருந்து வாங்கி வந்து, போர்வைக்குள் சுற்றி, மலைப்பாதை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். உடைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வளைவிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கைக்குழந்தையைக் கொழுந்தன்தான் வைத்திருந்தார். அவரும் எங்களோடு வந்திருந்தார்.

படகுத்துறையில் போர்வையைப் பிரித்ததும் பக்கத்துப் படகில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன சார், ஏரியில சுரைக்கா யாவாரமா?" என்றார். அவரோடு வந்த பெண்கள் ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் கணவர் முகம் சுருங்கிவிட்டது.

"இந்தா, இது என்ன நம்ம தோட்டத்துக் கெணறா? மானத்த வாங்காத. உள்ள வையி" என்றார்.

வைத்துவிட்டேன். அவர் சொன்னதும் சரிதான் என்று தோன்றியது. அத்தனை பேர் பிள்ளைகளோடு போகிறார்கள், ஒருவரும் எதையும் கட்டவில்லையே. படகு கிளம்பியதும், ஒருவரும் கட்டவில்லை என்பதற்காக நானும் விட்டுவிடுவதா என்றும் தோன்றியது. இப்படியே மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்ததில் ஏரியை நான் பார்க்கவே இல்லை.

பாதி தூரம் போயிருப்போம். பனிமூட்டம் இறங்கிக் கரை மங்கலாகிவிட்டது. கொழுந்தனுக்குத் துடுப்புப் போட ஆசை. படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு இடம் மாறி உட்கார எழுந்தார். படகு இரண்டு பக்கமும் ஆடியது. அந்த ஆட்டம் மகனுக்கு வேடிக்கையாகிவிட்டது. பலகையில் ஏறி நின்று கைகொட்டினான். மடியில் இருந்த கைக்குழந்தையைக் கணவர் கையில் திணித்தேன், குடுக்கைகளை இழுத்து எடுத்தேன், மகனைப் பிடித்து நிறுத்தி மார்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினேன்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் கணவர். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். அப்பாடா என்று அவன் முதுகில் லேசாகத் தட்டினேன்.

அடுத்த கணம் அவன் படகில் இல்லை.

தவறி விழவில்லை. பலகை மேல் ஏறி, காலை மடக்கி, குதித்தான். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

கணவர் கைக்குழந்தையோடு எழுந்துவிட்டார். கொழுந்தனும் அதே பக்கம் பாய்ந்தார். படகு சாய்ந்து, தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து என் புடவையை நனைத்தது. "உக்காருங்க சார்! எல்லாரும் ஒரே பக்கம் வந்தா கவுந்துரும்! உக்காருங்கன்னா!" என்று படகுக்காரர் கத்தினார். நான் கணவரின் சட்டையைப் பிடித்து, என் பலம் கொண்ட மட்டும் கீழே இழுத்து உட்காரவைத்தேன். ஒரு பிள்ளை தண்ணீரில், ஒரு பிள்ளை அவர் கையில். எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

மகன் மேலே வந்தான். குடுக்கைகள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஆனால் அந்தத் தண்ணீரின் குளிர் அவனுக்குப் பழக்கமில்லாதது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கையும் காலும் அப்படியே நின்றுவிட்டன. அதற்குள் ஒரு குடுக்கை கயிற்றிலிருந்து நழுவித் தனியாகப் போக, அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான். படகுக்காரர் துடுப்பால் படகைத் திருப்பி, பின்புறத்தை அவன் பக்கம் கொண்டுவந்தார். கொழுந்தன் குப்புறப் படுத்து மிச்சமிருந்த கயிற்றைப் பிடித்தார். இரண்டு பேருமாக அவனை உள்ளே இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. போர்வையால் சுற்றி மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீ அதக் கட்டாம இருந்திருந்தா அவன் ஏன் குதிக்கப் போறான்?" என்று கணவர் என்மேல் பாய்ந்தார்.

"கட்டுனதுனாலதான அண்ணே மெதந்தான்? நாம படகு ஆட்டுன ஆட்டத்துக்குத் தானா விழுந்திருந்தா?" என்றார் கொழுந்தன்.

"செத்த நேரம் பேசாம வாங்க. கரையில போயி யாரும் மூச்சு விட்றாதீங்க, என் பொழப்புப் போயிரும்" என்றார் படகுக்காரர்.

கரைக்கு வந்து, டீக்கடை அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்துப் பால் வாங்கிக் கொடுத்த பிறகுதான் மகனுக்குப் பேச்சு வந்தது. பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"சித்தப்பா தட்டுனா பயந்துக்கிட்டு நிப்பேன்ல? நீ தட்டுனதும் ஒடனே குதிச்சிட்டேன் பாத்தியாம்மா?" என்றான்.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். கிணற்றடியில் அவர் தினமும் செய்வது அதுதானாம். குடுக்கையைக் கட்டுவார், முடிச்சை இழுத்துப் பார்ப்பார், முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் குதிக்க வேண்டும். நான் அதைப் பார்த்ததே இல்லை. கிணற்றுப் பக்கம் போகவே எனக்குப் பயம்.

அவனை அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. நான் சொன்னதைத்தானே பிள்ளை கேட்டிருக்கிறான்! யார் சொன்னாலும் தயங்குகிறவன், சொன்னது அம்மா என்பதால் யோசிக்காமல் குதித்திருக்கிறான்.

கணவர் சொன்னதும் நிஜம், கொழுந்தன் சொன்னதும் நிஜம். இரண்டையும் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் குழப்பம்தான் மிச்சம். இப்போதெல்லாம் பிள்ளைகளின் நன்மைக்கென்று எதைச் செய்தாலும், இது எதற்கென்று நினைக்கிறாய் என்று முதலில் அவர்களையே கேட்டுவிடுகிறேன். சரியாகச் சொன்ன பிறகும், தண்ணீரைத் தாண்டிப் போகும் வரை அவர்கள் கையை மட்டும் விடுவதில்லை.