பென்னலூரில் அந்தோணியின் பை

பென்னலூர், 1991. பகல் பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். பங்ச்சர் கடை நிழலில் ஸ்டெல்லா காத்திருக்கிறாள். அவள் கணவன் அந்தோணி, வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் துளையிடும் கப்பலில் என்னோடு வேலை பார்த்த வெல்டர். இரண்டு மாதத்துக்கு முன் இரும்புக் கயிறு அறுந்து, கீழே இறக்கிக்கொண்டிருந்த வால்வோடு சேர்ந்து கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய பையைக் கொடுக்க வந்திருக்கிறேன்.

அதைத் திறந்து, லுங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறாள். லாரிகளின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்கிறாள்.

"அண்ணா, அரை மைல் ஆழத்துக்குப் போற மிஷின் ஒண்ணு கீதுன்னு எழுதியிருந்தாரு. கேமராலாம் வெச்சிக்கினு போவுமாமே. அத்த வுட்டு இவரத் தேடலியா?"

அந்த இயந்திரத்தை இயக்குபவன் நான்தான். அன்று வால்வை எடுக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். அந்தோணியையும் தேடுகிறேன் என்றேன். எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலை ஏற்கெனவே தாமதம் என்றார் மேலாளர். நான் எதிர்த்துப் பேசவில்லை. இயந்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

"தேடினோம்மா. கிடைக்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கம்பெனிக்காரன் தேடியிருக்க மாட்டான்னு எங்க மாமனார் சொல்லிக்கினே இருந்தாரு. நீங்களாச்சும் தேடினீங்களே, அண்ணா."

மெட்ராஸ் பஸ் வருகிறது. ஏறி உட்கார்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடாமல் போகிறேனே என்று ஜன்னலருகே நின்று வருத்தப்படுகிறாள்.