மறுபக்கக் கூடை

கடையில் ஈரச் சாக்கு வாசம் வந்தால் போதும், மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப்போன அப்பாவின் மட்டக்குதிரை எனக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். ஒருநாள் ஒற்றை மூட்டைதான் இருந்தது. பாரம் சாயாமலிருக்க, குதிரையின் மறுபக்கக் கூடையில் வைக்க அப்பா கல் பொறுக்கினார். கொடைக்கானல் ஏரியை ஒருமுறையாவது பார்க்க ஏங்கிய நான், கேட்கக் கூச்சப்பட்டு, அந்தக் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"ஏத்தா, கோழிக் கனங்கூட இல்லையே நீ!"

"கல்லையும் மடியில வச்சுக்கிறேம்ப்பா."

சிரித்துவிட்டார். மடி நிறையக் கல்லோடு, சோலைப் பாசியும் குதிரை வேர்வையும் மணக்க, இப்போது காடாகிவிட்ட அந்தத் தடத்தில் ஆடி ஆடிப் போனேன். ஒரு வளைவில் பனி விலகிக் கீழே ஏரி தெரிந்தது. அப்பா என்னை இறக்கிவிட்டார்.

"மெதுவாப் பாரு தாயி, சந்தை எங்கயும் ஓடிராது."

நான் பார்த்து முடிக்கும்வரை, சரிந்த மூட்டையைத் தோளில் தாங்கிக்கொண்டே நின்றார்.