செல்வியின் லேப்டாப் குவைத்துக்கு வந்த கதை

குவைத்தில் நாங்கள் தங்கியிருக்கும் அறையில் வெள்ளிக்கிழமை காலையானால் காது கிழியும். விடுமுறை நாள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தெலுங்கிலும் வங்காளத்திலும் ஊரோடு கத்திக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கட்டிலில் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருப்பேன். புதிதாக வந்த வங்காளதேசத்துக்காரர் ஒருவர், நான் கொசு விரட்டுவதாக நினைத்து மறுவாரம் கொசுவர்த்தி வாங்கிவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என் மனைவி செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, நாங்கள் பேசுவது கையால்தான் என்று அவருக்கு விளக்கக் கூச்சமாக இருந்தது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கல்யாணமான புதிதில், திண்டிவனம் வீட்டில் செல்வியோடு கையால் பேசப் பழகியபோதுதான் எனக்குள் இவ்வளவு பேச்சு கிடந்தது எனக்கே தெரிந்தது. எந்தப் பள்ளியிலும் சொல்லித் தராத பாஷை அது. நாங்களாகவே உண்டாக்கிக்கொண்டோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு இரண்டு விரலால் தோல் உடைக்க வேண்டும். என் அக்கா என்றால் மூக்கைச் சுழிக்க வேண்டும். குவைத்துக்கு வந்த பிறகு எல்லாம் நின்றுபோனது. படம் வராத பட்டன் போனில் அவள் தம்பி தனசேகரிடம் ‘அக்கா சாப்பிட்டதா’ என்று கேட்பதோடு சரி. அதனால்தான் போன லீவுக்கு, முகம் பார்த்துக் கையால் பேச ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் தனசேகர் கூப்பிட்டான்.

“மாமா, லேப்டாப்பு புட்டுக்கிச்சி. சார்ஜே ஏற மாட்டேன்னுது. விழுப்புரத்துல காட்டினேன். குவைத்து வாரண்டியாம், அங்கதான் அனுப்பணுமாம். ரிப்பேர் மட்டுந்தான் ஃப்ரீ, கூரியர் காசு நம்ம தலையில.”

“அனுப்பிடு.”

“இன்னா மாமா அவசரம்? கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தரு பொங்கலுக்கு அப்புறம் அங்க வர்றாரு. அவர்கிட்ட குடுத்தா ஓசியில வந்துடும். கூரியர்காரன் பாதி லேப்டாப்பு வெல கேக்கறான்.”

“பொங்கல் வரைக்கும் உங்க அக்காகிட்ட நான் எப்பிடிடா பேசறது?”

“கல்யாணமாயி எத்தினி வருஷம் ஆவுது! இன்னும் அப்பிடி இன்னாதான் பேசிக்கினு இருக்கீங்க?”

அனுப்பச் சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டி வந்துசேரும் வரை நான் ஒரு நிலையில் இல்லை. கிடங்கில் சரக்கு அடுக்கும்போது கை தானாக எழும்பி எதையோ சொல்லும், யாரும் பார்த்துவிட்டார்களோ என்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன். வெள்ளிக்கிழமைகளில் அறையில் இருக்கப் பிடிக்காமல் வெயிலில் சுற்றினேன்.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர் எகிப்துக்காரர். சார்ஜர் குத்தும் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, ஊசியால் கிளறினார். மஞ்சளாக உதிர்ந்தது.

“இது என்ன, சாப்பாடா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்தில் ஆயுத பூஜையன்று அரிவாள்மணை முதல் மோட்டார் வரை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்காமல் விடுவோமா? செல்வி சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து, கரண்டு எந்த வழியாக உள்ளே போகிறதோ அந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். அவளுக்கு உழைத்த பொருள். மரியாதையைச் சரியான இடத்தில் செய்திருக்கிறாள்.

இதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கையால் சொன்னேன். சந்தனம் கரைத்தேன், நெற்றியில் தொட்டு வைத்தேன், கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவர் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, மேசை டிராயரைத் திறந்து ஒரு தலைவலி மாத்திரையை நீட்டினார். கையால் பேசத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒருத்தியோடு பேச மட்டும்தான்.

ஈரம் இறங்கிய மிஷினுக்கு வாரண்டி கிடையாது என்றார். காசு கட்டித்தான் சரி செய்தேன். திருப்பி அனுப்ப மறுபடி கூரியர் காசு. அதைக் கட்டினால் பெட்டி மட்டும்தான் போகும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே ஃபோர்மேனிடம் போய் நின்றேன். வாய் திறந்து நானாகக் கேட்ட முதல் லீவு அதுதான். முறைப்படி வரவேண்டிய லீவு இல்லை, சம்பளமும் கிடையாது, டிக்கெட்டும் என் செலவு என்றார். தலையாட்டினேன்.

“கூரியர்காரரு வந்துட்டாரு!” என்று திண்டிவனம் வீட்டு வாசலில் தனசேகர் சிரித்தான். செல்வி லேப்டாப் பையை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரி மேல் வைத்தாள். கூடத்தில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டாள். விட்டுப்போன வாரங்களையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். முன்பெல்லாம் பால்காரர் சைக்கிளோடு சாய்ந்த கதையைச் சொல்ல வாசல் வரைக்கும் ஓடிப் போய் விழுந்து காட்டுவாள். இப்போது அவள் கைகள் நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை, தோளைத் தாண்டிப் போகவில்லை. கேமராவுக்குள் அடங்குகிற அளவு சின்னச் சதுரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் சொன்னாள். என் கைகளும் அந்தச் சதுரத்துக்குள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

நாற்காலியை முன்னால் இழுத்து, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். செல்வி தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள், நான் முழுதாகத் தெரிவதற்காக.