ஒன்றரை ஆள் இடம்

கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிய அந்தத் தம்பிக்கு என் மேல் எந்தப் பகையும் கிடையாது. அவன் கவலையெல்லாம் பின் சீட்டைப் பற்றியதுதான். மூன்று பேருக்கென்று செய்த சீட்டில் நான்கு பேரை அடைப்பது அந்தத் தொழிலின் தர்மம். அன்று காலை மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நான் படியில் கால் வைத்ததும் அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க அடுத்த வண்டில வாங்க. இங்க ஒரு ஆளு எடம்தான் கீது. உங்களுக்கு ஒன்ற ஆளு எடம் வோணும்."

பின்னால் நின்ற ஒல்லிப் பெண் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டாள். வண்டி என் முகத்தில் புகையை விட்டுவிட்டுப் போனது. உள்ளே இருந்த மூவரில் ஒருவருக்காவது சங்கடமாக இருந்திருக்கும் என்று பார்த்தேன். எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நடுரோட்டில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்பதால் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர்கூட முன்பு சொல்லியிருந்தார். மூட்டு போய்விடும் என்று பயமுறுத்தினார். அது காதில் ஏறவில்லை. இது ஏறியது. தாம்பரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. தினம் அந்த வண்டியில்தான் ஸ்டேஷன் போய் ரயில் பிடிக்க வேண்டும். யாரும் முகம் சுளிக்காமல் அந்த சீட்டில் நாலாவது ஆளாக உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

டாக்டர் சொன்ன உணவு முறையில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் வேகவைத்த காய்கறியும் இருந்தன. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர வேறு காயை அங்கீகரிக்காத ஒரு கணவரும் இருக்கும் வீட்டில் எனக்கு மட்டும் தனியாக உலை வைக்க என்னால் முடியாது. டயட் எனக்கு ஒத்துவராது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

மாடி வீட்டு அக்காவிடம் சொன்னதுதான் தப்பு. அவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம். வயலெல்லாம் பிளாட்டாகிவிட்டாலும் வைத்தியத்தை மட்டும் விற்கவில்லை. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்று சொல்லிவிட்டு தினமும் கொள்ளுக் கஞ்சி அனுப்பினார். கஞ்சி குடித்த வாய்க்கு ஆறுதலாக நான் இரண்டு பஜ்ஜி சாப்பிட வேண்டியிருந்தது. கொள்ளு தின்னும் குதிரை வண்டியிழுக்கிறது, நான் வண்டியில் இடம் கேட்கிறேன் என்று யாரும் யோசிக்கவில்லை.

பிறகு அதே அக்கா என்னை ஏரிக்கரை நடைக் குழுவில் சேர்த்துவிட்டார். விடிகாலையில் புதுக் கேன்வாஸ் ஷூவும் புடவையுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடை சீக்கிரம் முடிந்துவிடும், பேச்சு முடியாது. முடிவில் ஒரு சைக்கிள்காரரிடம் அருகம்புல் சாறு. பச்சையாக இருப்பதெல்லாம் கொழுப்பைக் கரைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. சாறு குடித்துவிட்டோமே என்ற தைரியத்தில் எதிர் ஹோட்டலில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும். இவ்வளவு தூரம் நடந்த பிறகு வயிற்றைக் காயப்போட்டால் அல்சர் வரும் என்று குழுவில் ஒருவர் எச்சரித்திருந்தார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். என் இடுப்பு கல்லைவிடக் கெட்டியாக இருந்தது.

என் கணவருக்கும் இதில் கருத்து இருந்தது. மனக்கட்டுப்பாடு வேண்டும் என்றார். ஊருக்குத்தான் உபதேசம். சொல்லும்போது அவர் தொப்பையின் மேல் காபி டம்ளரைத் தாங்கியிருந்தார்.

கடைசியில் எடையைக் குறைக்கும் முயற்சியைக் கைவிட்டு ஆட்டோவைப் பிடிக்க வழி பார்த்தேன். காலை முதல் வண்டி காலியாக வந்து நிற்கும். முதல் ஆளாக ஏறி மூலையில் உட்கார்ந்துவிட்டால் என்னை எழுப்ப யாருக்கும் வாயிருக்காது. நாலாவதாக வருபவர் பாடு அவர் பாடு. அதனால் நடையை விட்டேன். கஞ்சியை மல்லிச் செடிக்கு ஊற்றினேன். காலையில் சமையலை முடித்து, எனக்கு வேண்டியதைச் சூடாகத் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் சாப்பிட உட்காரும் முன்பே கிளம்பினேன். பரிமாறுவது கணவர் பொறுப்பு.

சில மாதங்களில் வளையல் தானாகக் கழன்றது. ஜாக்கெட் தொளதொளத்தது. மாடி அக்கா கொள்ளுதான் என்றார். நடைக் குழு அருகம்புல்தான் என்றது. கணவர் மனக்கட்டுப்பாடு என்று தன்னையே பாராட்டிக்கொண்டார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்காய்கள்தான் எத்தனை. எனக்கே காரணம் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்கப் பஸ் ஸ்டாண்டு டெய்லரிடம் போனோம். கணவரும் ஒரு பையோடு வந்தார். அதில் அவருடைய பேண்ட்டுகள். இடுப்பைப் பிரித்துவிட வேண்டுமாம். டெய்லர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், அக்காவாண்ட கொறையறதெல்லாம் உங்களாண்ட வந்துகினு கீது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில்தான் கேட்டேன், காலையில் அப்படி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவன் பாதி தோசை வைத்துவிடுகிறான். சின்னவள் உப்புமாவைக் கிளறிவிட்டுப் போய்விடுகிறாள். பாத்திரத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

"கொட்ட மனசு வரலை. வேஸ்ட்தானே, நானே சாப்பிட்டுடறேன்."

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாதி தோசை என்னுடையது. அடியில் ஒட்டிய உப்புமா என்னுடையது. சோற்றைக் கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். லட்சுமி போகாமல் இருக்க நான் அவளை இடுப்பில் சேர்த்துவைத்திருக்கிறேன். இதைச் சாப்பாடு என்றுகூட நான் கணக்கில் வைத்ததில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே வாயில் போட்டதை யார் சாப்பாடு என்பார்கள்? எனக்குச் சிரிப்பு போய், இத்தனை வருஷத்தை நினைத்து ஆத்திரம்தான் வந்தது.

அன்றிலிருந்து அரிசியை ஒரு பிடி குறைத்துப் போட்டேன். ராத்திரி எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டில் போட்டுக்கொண்டதை அவரவரே முடிக்க வேண்டும், மிஞ்சினால் மறுநாள் அவரவர் டப்பாவில் போகும் என்று சட்டம் போட்டேன். இரண்டு நாள் வீட்டில் ஒரே முணுமுணுப்பு. பிறகு யாரும் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இளைத்த பிறகு ஒருநாள் வேண்டுமென்றே பழைய நேரத்துக்குப் போனேன். அதே தம்பி. மூன்று பேர் இருந்தார்கள். "ஏறுக்கா" என்றான், ஒன்றுமே நடக்காததுபோல. நான் நாலாவதாக உட்கார்ந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் நினைத்து நினைத்து ஏங்கிய சுகம் அது.

அடுத்த நிறுத்தத்தில் இருவர் இறங்கினார்கள். ஒருவர் ஏறினார். இன்னும் ஓர் இடம் இருந்தது. கையில் டிபன் பையோடு ஒரு பெண் ஓடி வந்தாள். நல்ல பருமன். தம்பி அவளைப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினான்.

"நீ அடுத்த வண்டில வாக்கா."

"நிறுத்துப்பா" என்றேன். "மூணு பேர் சீட்டுல நாலு பேரை ஏத்தறது நீ. குண்டா இருக்கறது உன் கணக்கு, அவங்க இல்ல."

அவன் பேஜாரு என்று முனகிக்கொண்டே நிறுத்தினான். நான் நகர்ந்து, அரை ஆள் இடத்தில் ஒடுங்கிக்கொண்டேன். அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். இவ்வளவு ஓடி வர வேண்டுமா, கொஞ்சம் முன்னாலேயே கிளம்பக் கூடாதா என்று கேட்டேன்.

"எங்கக்கா. பசங்க வெச்சுட்டுப் போன இட்லிய கொட்ட மனசு வரல. அதத் துன்னுட்டு வர்றதுக்குள்ள லேட்டாயிடுச்சி" என்றாள்.