திரைக்கு வெளியே நின்றவன்

தொலைபேசி அடித்தபோது என் இரண்டு கைகளிலும் ஒரு மனிதர் இருந்தார். பக்கவாதத்தில் விழுந்த பெரியவர். இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து முடிக்கும்வரை அவரை விட முடியாது. சட்டைப்பையில் அது மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. யார் அழைத்தது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாக அந்த ஒரு அழைப்புக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு எடுத்தேன். நஸீரா ராத்தாவின் மகள் பேசினாள். "உம்மா மௌத்தாயிட்டாங்க அங்கிள். அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்," என்றாள். நான் அவருடைய ஊரான கரைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டியிருந்தது.

நாங்கள் எல்லோரும் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்ட அவரும் நானும் இந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் சிற்றூழியர்களாக ஒன்றாக வேலை செய்தோம். அதனால் நமது நலன்புரிச் சங்கத்தார் அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் பொய். புதிதாகச் சேருபவர்களுக்கு நோயாளியைத் தூக்கும் முறை சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், அவசரப்பட்டுத் தனியாகத் தூக்கி முதுகை முறித்துக்கொண்ட ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறார்கள். பெயர் சொல்வதில்லை. யாரென்று எல்லோருக்கும் தெரியும். அந்த வகுப்பில் செய்துகாட்ட நிற்கும் ஆள் நான்தான். ராத்தா தனியாகத் தூக்கப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டார், நான் போகவில்லை. இதை மறைத்து அஞ்சலி எழுதினால் எழுதுகிற கை விளங்காமல் போய்விடும்.

அவர் தனியாகத் தூக்குகிறவரா என்று பழையவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டிலின் பிறேக்கைக் காலால் மிதித்துப் பார்க்காமல் நோயாளியின் மேல் கைவைக்க மாட்டார். எழும்பி நடக்கக்கூடியவருக்கும் ஒரு சாரத்தை நாலாக மடித்து இடுப்பில் பட்டிபோலக் கட்டிவிடுவார். பிடிப்பதென்றால் அதைத்தான் பிடிக்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாங்கள் சிரித்தோம். ராத்தா மாட்டுக்குக் கயிறு போடுகிறார் என்று பகிடி பண்ணினோம். "தோள்மூட்டு கழண்டு வந்தா உங்கட வீட்டுக்குக் கொண்டு போவீங்களா?" என்று கேட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உச்சமுனையிலிருந்து கடலட்டை பிடிக்கச் சுழியோடும் ஒருவரைக் கொண்டுவந்து போட்டிருந்த நாட்கள் எனக்கு மறக்காது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு பகல் அவருடைய அண்ணன் வந்தார். தம்பி வெயில் காயட்டும் என்று, படகு எஞ்சினைத் தூக்கித் தோளில் போடுவதைப்போல ஒரே மூச்சில் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாசத்தில் செய்த வேலைதான். நம் கரையில் வளர்ந்த ஆம்பிளை எவனும் அப்படித்தான் தூக்குவான், நானும் அப்படித்தான் தூக்கியிருப்பேன். ராத்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. "எஞ்சின் நோகுதெண்டு சொல்லாது. உங்கட தம்பியும் சொல்ல மாட்டாரு. அவருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியாது," என்றார். அந்த மனிதரின் முகம் வெளுத்துப்போனது. தம்பியின் குதிகால் கட்டில் விளிம்பில் இடித்துக் கிழிந்திருந்ததை அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். அந்தப் புண் ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு ராத்தா ஒரு வார்த்தையைச் சொல்லத் தொடங்கினார். "தனியாத் தூக்குறவன் ரெண்டு பேர விழுத்துவான்." ஆளில்லாத பிற்பகல்களில் அதை அடிக்கடி சொல்வார். வெளியே காற்று ஊளையிடும், சன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும். பதினாறு கட்டிலுக்கு ஒரு பெண் ஊழியர். ராத்தா வாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட்டு, "இண்டைக்கி இல்லாட்டி நாளைக்கி," என்பார். என்ன என்று நான் கேட்டதில்லை.

பெண் நோயாளி இருக்கும் திரைக்குள் ஆண் ஊழியர் போவதில்லை என்பது நம் ஆஸ்பத்திரியின் எழுதாத சட்டம். அதை மாற்றியவர் ராத்தாதான். பாரமான பெண்ணென்றால் முதலில் அவரிடமே சம்மதம் கேட்பார். தலையிலிருந்து கால்வரை மூடிவிட்டு, "இவரு சுவரப் பாத்துக்கொண்டுதான் தூக்குவாரு உம்மா," என்று சொல்லி என்னைக் கூப்பிடுவார். நான் சுவரைப் பார்த்தபடி போய், ராத்தா தானே தைத்து, நோயாளிக்குக் கீழே மடித்துப் போட்ட விரிப்பின் கால்பக்கத்தைப் பிடிப்பேன். அவர் தலைப்பக்கம். எண்ணி முடித்ததும் இருவரும் சேர்ந்து நகர்த்துவோம். வேலை முடிந்ததும் சுவரைப் பார்த்தபடியே திரும்பி வருவேன். பெரும்பாலும் நோயாளிகள் எங்களுக்காக இறைவனிடம் துஆச் செய்தார்கள். சக ஊழியர்கள்தான் எனக்குச் 'சுவர் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள்.

பெயரைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் ஒரு நோயாளியின் கணவர், நான் திரைக்குள்ளிருந்து வெளியே வருவதைப் பார்த்துவிட்டார். பார்வையாளர் நேரம், வாட்டு நிறைய சனம். பொம்பிளையின் கட்டிலடியில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்டார். ராத்தா விளக்கம் சொன்னார், தாதி மிஸ்ஸியும் வந்து சொன்னார். அந்தக் கணவர் கேட்கவில்லை. என் ஊர்க்காரர் இரண்டு பேர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். ராத்தாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு ஆளைத் தேடியிருப்பார்.

ஒரு கிழமை கழிந்திருக்கும். பிற்பகல் மூன்று மணி. மற்றப் பெண் ஊழியர் ஒரு நோயாளியை எக்ஸ்றேக்குக் கொண்டுபோயிருந்தார். நான் அழுக்குத் துணிப் பொதியோடு பெண்கள் வாட்டைக் கடந்துகொண்டிருந்தேன். திரைக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அன்ரன், ஒருக்கா வாங்க." நின்றேன். "அன்ரன், கெதியா." குரலில் பதற்றம் இல்லை, மூச்சு மட்டும் இழுத்தது. அந்த மூச்சு எதைத் தாங்கும்போது வரும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டவன் நான். இருந்தும் துணி அறைக்கு நடந்தேன்.

பிறகுதான் நடந்தது தெரிந்தது. மலசலத்துக்கு அவசரப்பட்ட நோயாளி, கட்டிலை அழுக்காக்க வெட்கப்பட்டுத் தானே எழும்பிக் காலைக் கீழே வைத்திருக்கிறார். கால் தாங்கவில்லை. சத்தம் கேட்டு உள்ளே ஓடிய ராத்தா வழுக்கியவரை நெஞ்சோடு பிடித்திருக்கிறார். விட்டால் அவர் தலை சீமெந்தில் அடிபடும். விடவில்லை. இருவரும் விழுந்தார்கள், ராத்தா கீழே. நோயாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ராத்தாவை அவர் தைத்த விரிப்பிலேயே வைத்துத் தூக்கினோம். அந்தத் தரம் நான் சுவரைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

விசாரணை வந்தபோது, தான் யாரையும் கூப்பிடவில்லை என்று ராத்தா எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் தனியாகத் தூக்கியதாக எழுதினார். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்தும் அவர் எழும்பவில்லை. படுக்கைப் புண், அதற்குப் பிறகு கிருமி, அதற்குப் பிறகு காய்ச்சல். என்ன வரும், எந்த ஒழுங்கில் வரும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

பார்க்கப் போவேன், எப்போதும் நாலு பேரோடு. போன மாதம் முதல்முறையாகத் தனியாகப் போனேன். மகள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனபோது சொல்லிவிட்டேன். நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது ராத்தா என்றேன். அவர் கூரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும். உங்கட செருப்புச் சத்தம் நிண்டிச்சி. பொறகு அங்கால போயிட்டுது."

பிறகு ஏன் விசாரணையில் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். என்மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதினார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் தப்பு.

"உங்களுக்காக எழுதல்ல அன்ரன். ஆம்பிளைய உள்ளுக்குக் கூப்பிட்டன் எண்டு எழுதினா அந்த வழக்கத்தையே நிப்பாட்டிப் போடுவாங்க. பொறகு வாற பிள்ளைகளெல்லாம் தனியாத்தானே தூக்கணும்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு தலையை என் பக்கம் திருப்பினார். "இப்ப போறீங்கதானே, உள்ளுக்கு?"

"ஓம் ராத்தா," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். மகள் கொண்டுவந்த தேத்தண்ணியை நான் குடித்து முடித்தேன்.

அவர் விழுந்த நாளிலிருந்து இன்றுவரை நான் அந்தத் திரைக்குள் போனதில்லை. நான் மட்டுமல்ல, நம்மில் ஒருவரும் போனதில்லை. ராத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, இறைவனுக்கு அவர் நன்றி சொன்ன அந்த ஒரு அல்ஹம்துலில்லாஹ்தான். பொய் சொல்லி வாங்கியது. அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. அடுத்த வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள், கூப்பிட்டார் என்று சொல்லுங்கள், போகாதவன் பெயரையும் சொல்லுங்கள். இன்று எனக்குப் பிற்பகல் வேலை. பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். பெண்கள் வாட்டில் ஒரு பிள்ளைதான் நிற்கிறாள், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.